கடைசி அறையில் பதினோரு நாள்

முதலில் தடிப்பு தெரிந்தது தபால்காரரின் தோளில். சிவந்த வட்டம், ஓரம் மட்டும் மேடாக. பார்த்தவுடனே படர்தாமரை என்று சொல்லிவிடலாம். ஒரே வாரத்தில் அந்த முதியோர் இல்லத்தில், பக்கத்து அறை டீச்சரம்மா உட்பட, இன்னும் நான்கு பேருக்கு வந்துவிட்டது. எல்லாம் இவரிடமிருந்துதான் என்று மேட்ரன் முடிவு கட்டினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் தம் ரேடியோவோடு வராந்தாவின் கடைசி அறைக்கு மாற்றப்பட்டார்.

அவரைக் குளிப்பாட்டுகிற பணிப்பெண் வேலையில் கெட்டிக்காரி. படுக்கைப்புண் வரப்போகிற இடத்தைக் கைபடும்போதே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் இரண்டு மாதமாக அவளுடைய முழங்கைக்கு மேலும் அதே வட்டம் இருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், மூன்றாம் நாள் இன்னும் அகலமாகப் படரும். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். தெரிந்தால் வேலை போய்விடும். முன்பிருந்த சமையல்காரிக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் குளிப்பாட்டும்போது சட்டையை மடித்துவிட்டே ஆகவேண்டும். தபால்காரரைத் தூக்கி உட்காரவைத்தால் அவர் தோள் அவள் கையில்தான் சாயும்.

பத்தாம் நாள் அவருடைய தங்கை வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"நான் ஒண்ணும் நினைக்கலை. நீ பத்திரமா போ."

அவள் போனதும் பணிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "நாப்பது வருஷம் வீடு வீடா கடுதாசி கொடுத்தேன். பழக்கதோஷம், இதையும் அறை அறையா கொடுத்துட்டேன் போல." பிறகு குரல் இறங்கியது. "டீச்சரம்மாவுக்கு ரொம்ப அரிக்குதாமே? நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடும்மா."

அவள் சொன்னாள். டீச்சரம்மா முழங்காலைச் சொறிந்தபடி, "பாவம், வேணும்னா பண்ணினார்?" என்றாள். அன்று பணிப்பெண் தன் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் தோல் டாக்டர் வந்தார். தபால்காரரின் தோளைப் பார்த்துவிட்டு அவர் கைகழுவிக்கொண்டிருந்தபோது, அவள் மேட்ரனின் கண்ணெதிரிலேயே சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

"எனக்குத்தான் முதல்ல வந்துச்சு, டாக்டர்."

"அறிவிருக்கா உனக்கு?" என்று மேட்ரன் பாய்ந்தாள்.

"இருங்க," என்றார் டாக்டர். "இப்படித் திட்டினா யாரு வந்து சொல்லுவாங்க? எல்லார் துண்டும் ஒரே கூடையில கிடக்குது. யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வேலை செய்யறவங்க ஒருத்தரையாவது பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அன்றே எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். இன்னும் இரண்டு பணியாளர்களுக்கு இருந்தது. மேட்ரனின் கால்விரல் இடுக்கிலும் இருந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. குணமாகும்வரை விடுப்பு, வேலை போகாது என்று அவள் தானாகவே சொன்னாள்.

பணிப்பெண் கடைசி அறைக்குப் போனாள். "ஐயா, உங்களால வந்ததில்லை. எங்கிட்டேருந்துதான் வந்திருக்கணும்."

அவர் ரேடியோவை நிறுத்தினார். "எப்பலேருந்து தெரியும்?"

"உங்களை இங்க கொண்டுவந்து போடறதுக்கு முன்னாடியே."

"பதினோரு நாள்," என்றார். "டீச்சரம்மாகிட்ட என் மன்னிப்பைச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"போய்த் திரும்ப வாங்கிட்டு வா."

அவள் போய் உள்ளதைச் சொன்னாள். டீச்சரம்மா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் அறைக்குப் போய், எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து வாரம் கழித்து, தோல் சுத்தமானதாக டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பணிப்பெண் திரும்பினாள். இப்போது ஆளுக்கொரு துண்டு, ஓரத்தில் அறை எண் தைத்தது. தபால்காரர் தம் பழைய அறையில் இருந்தார். இரண்டு நாள் குளிப்பாட்டினாள். அவர் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள், "தண்ணி சூடு பத்தலை," என்றார்.


"இதோ ஊத்தறேன், ஐயா," என்று அவள் வாளியை எடுத்தாள்.