பதாகையின் இடது தடி

1.
எரிச்சலில் தொடங்கிய கதை இது. பத்திரிகையில் ஒரு படம்: மட்டக்களப்பின் பேர்போன மகளிர் கல்லூரியொன்று போதைக்கு எதிராக நடத்திய ஊர்வலம். முன்னால் இரண்டு மாணவிகள் பதாகை பிடித்திருக்கிறார்கள். பின்னால், குறுகலான ஒழுங்கையோரத்து மரவாங்கில் வரிசையாகக் கிளாசுகள், எல்லாம் நிரம்பியபடி. படத்தின் கீழே அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

(மாணவிகள் யாரென்று எனக்குத் தெரியாது. இடது தடியைப் பிடித்திருப்பவளுக்குச் சுகந்தினி என்று பெயர் வைத்தேன்.)

2.
'வாவியின் மேல் அந்திச் சூரியன்…'

வேண்டாம். வாவியைக் காட்டி ஒழுங்கையை மறைக்கும் வேலையை ஏற்கெனவே பலர் செய்துவிட்டார்கள்.

ஒழுங்கையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "ஓ, அந்த இடமா?" என்பீர்கள். கசிப்புச் சாராயமும் போதைத் தூளும் விற்கும், பொலிஸ் அடிக்கடி வரும் இடம்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எடுத்துச் சுகந்தினி கல்லூரிக்குப் போனதும் அங்கிருந்துதான். தோழிகளுக்குத் தெரியாமலிருக்க முந்தின பஸ் தரிப்பிலேயே இறங்கி நடந்து வருவாள். ஒழுங்கைக்குள் வந்தால், "மிஸ் வாறா, வழிய விடுங்கடா" என்பான், முனையில் பொடியன்களோடு நிற்கும் மேர்வின்.

3.
"சுகந்தினி, நீ அந்தப் பக்கம்தானே? முன்னுக்கு நில். உன்னைக் கண்டா அவங்க சத்தம் போடமாட்டாங்க."

ஆசிரியை இப்படிச் சொன்னதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடம் முந்தின தரிப்பில் இறங்கி நடந்ததெல்லாம் வீண்.

(இந்த ஆசிரியையைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சுகந்தினிக்குக் காசு வாங்காமல் கணிதம் சொல்லிக்கொடுப்பவர். என் கோபம் அதனால்தான் கூடுகிறது.)

வீட்டில், "எங்கட கொலிச் ஊர்வலம் இந்தப் பக்கம் வருதும்மா" என்று மட்டும் சொன்னாள். எதற்கென்று சொல்ல வாய் வரவில்லை.

தேர்த் திருநாளோ பாதயாத்திரையோ, வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது அந்த ஒழுங்கையின் வழக்கம். அம்மா மக்டலின் தேசிக்காய் பிழிந்தாள். மேர்வின் வாங்கு தூக்கி வந்தான்.

"மிஸ்ட ஆக்கள் வாறாங்க, நல்ல கிளாசா எடுங்க அக்கா."

"நீ முதல்ல கையக் கழுவிட்டுத் தொடு."

4.
ஊர்வலம் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வாவிக் காற்றில் பதாகை திமிறியது. சுகந்தினி தடியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"குடிங்க மிஸ், ஐஸ் போட்டிரிக்கி" என்று மக்டலின் முதல் கிளாசை நீட்டினாள்.

ஆசிரியை சிரித்தார். வாங்கவில்லை. பின்னால் திரும்பிச் சொன்னார்: "பிள்ளைகள், இங்க ஒருத்தரும் ஒண்டும் வாங்கிக் குடிக்கப்படாது."

"நஞ்சு போட்டிரிக்கெண்டு நினைக்கிறாங்க போல" என்றான் மேர்வின்.

"நீ சும்மா இரு." மக்டலின் அதே கிளாசை மகளிடம் நீட்டினாள். "நீயாவது குடி மகள்."

5.
முதல் முடிவு: தடியை விடுகிறாள், பதாகை சரிகிறது, குடிக்கிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். மறுநாள் கல்லூரி அதிபரின் அறைக்கு அவள் தனியாகப் போவாள்.

இரண்டாவது: கடந்து போகிறாள். 'பாவம்' என்பீர்கள். மக்டலின் கிளாசுகளை ஒவ்வொன்றாக எடுத்து…

இரண்டையும் அடித்துவிட்டேன். இதைத் தீர்க்கும் வேலையைப் பதினாறு வயதுக்காரியின் தலையில் கட்டுவது அநியாயம். அவள் மட்டுமா ஊர்வலத்தில் வந்தாள்? முதல் பகுதியிலிருந்து நீங்களும் அவள் பின்னால்தான் நடந்து வருகிறீர்கள்.

மக்டலின் இன்னும் கிளாசை நீட்டியபடி நிற்கிறாள். சுகந்தினியின் கைகளில் தடி இருக்கிறது.

உங்கள் கைகள் சும்மாதானே இருக்கின்றன?