கண்ணாடிக்குள் விபூதி

ஜோதியம்மாள் உயிரோடு இருந்த கடைசி மாதத்தில், அவள் தலையைச் சீவிவிட அந்த வீட்டில் ஒரு கை இல்லை. மகன் கண்ணாயிரத்துக்கு லாட்ஜ் வேலை. மருமகளுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வேலை. முடி சிக்குப் பிடித்துச் சடையாகிவிட்டது. வேலூரில் டிராயிங் டீச்சராக இருந்த மகள் பொன்னி லீவு போட்டு வந்து சிக்கெடுக்கப் பார்த்தபோது, வலி தாங்காமல் அம்மா அழுதாள். அதனால் அப்படியே உட்காரவைத்து வரைந்தாள். முகத்துக்கு வாட்டர் கலர், சடைக்குக் கறுப்பு மை. அம்மாவுக்கு வேறு போட்டோ கிடையாது.

சடை தாளின் விளிம்புவரை ஓடியிருந்தது. பிரேம் போடும்போது சுற்றிலும் அட்டை வைத்தால் அது மறைந்துவிடும். ஆகவே அட்டை வேண்டாம் என்று சொல்லி, சட்டத்துக்கு உள்ளே மெல்லிய மரக்குச்சிகளை ஒளித்துக் கொடுத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி கடையில் கூடவே நின்று பிரேம் போட்டாள் பொன்னி. கொள்ளி வைத்தவன் வீட்டில்தான் படம் இருக்க வேண்டும் என்று அண்ணன் வாங்கிக்கொண்டான்.

மறுவருஷம் கார்த்திகை தீபத்துக்கு வந்தவள் அண்ணன் நடத்தும் லாட்ஜ் வாசலிலேயே நின்றுவிட்டாள். புதுத் தங்கக் கலர் சட்டத்தில் அம்மா. சுற்றிலும் சீரியல் பல்பு. கண்ணாடிக்குள் முகமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. சடையம்மாவுக்கு விபூதி கொட்டுகிறது என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குச்சிகள் எங்கே என்று அண்ணனிடம் கேட்டாள். புதுச் சட்டத்துக்கு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிட்டானாம். கண்ணாடியோடு ஒட்டினால்தான் முகம் பளிச்சென்று இருக்குமாம். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் முழுவதும் அந்தத் தாளில் இறங்கியிருந்தது.

"அது விபூதி இல்லண்ணே, பூஞ்சை. படத்தைக் குடு, நான் எடுத்துனு போறேன்."

"மெதுவா பேசு. தீபம் முடியறவரைக்கும் ரூமெல்லாம் ஃபுல்லு. அம்மா செத்தும் நமக்குப் படியளக்குது."

உயிரோடு இருந்தவளுக்கு முகம் சுளிக்காமல் ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாதவன் பேசுகிற பேச்சு. ஊரை அடித்து உலையில் போடுகிறவர்களைப் பொன்னி பார்த்திருக்கிறாள். பெற்றவளையே போட்டவனை இப்போதுதான் பார்க்கிறாள். படத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பின்பலகையை நெம்பினாள். ஆணிகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன.

நெற்றி இல்லை. கண் இல்லை. கன்னம் இருந்த இடத்தில் தாள் கத்தியால் சுரண்டப்பட்டு நார் நாராக நின்றது. மிச்சத்தைக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு வந்தது. யாரும் சீவாமல் விட்ட சடை மட்டும் ஒரு இழை குறையாமல் இருந்தது.

ஜனங்கள் கேட்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பொட்டலம் கட்டித் தருகிறேன் என்றான் கண்ணாயிரம். கூச்சமே இல்லை.

பொன்னி வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஓங்கரித்தாள். யாத்திரை வந்த ஒரு பெண் பரிவோடு முதுகைத் தடவிக்கொடுத்து, தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள்.

"வாயில போட்டுக்கம்மா, எல்லாம் சரியாப் பூடும்."

பிரித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள். அருவருப்பில் வீசி எறியக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மாவின் முகத்தில் மிச்சம் அவ்வளவுதான்.