ஆணி அடித்த பெட்டி

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே செங்கம் ரோட்டில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதற்கே என் அண்ணன் அருள்ராஜுக்கு மெடல் கொடுக்கலாம். ஆனால் பின்கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நாலு பக்கமும் ஆணி. மேலே இரும்புப் பட்டை வேறு.

உள்ளே இருப்பது என் பாய்மரப் படகு. ஒரு மீட்டர் நீளம். கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுவது. வேங்கிக்கால் ஏரியில் பழகிப் பழகி, முதல்முறையாகக் கொச்சியில் ஒரு போட்டிக்குப் போகிறேன். ராத்திரி சென்னையில் விமானம். அண்ணனுக்குக் கீழ்பென்னாத்தூரில் லாரி பார்சல் தொழில். பெட்டியைத் தானே கட்டித் தருகிறேன் என்றான். நம்பிக் கொடுத்தேன்.

"ஏர்போர்ட்ல தொறந்து பார்ப்பாங்கண்ணா. கயிறு போதும்னு சொன்னேன்ல?"

"கயிறு கட்னா எவன் வேணா அவுப்பான். நான் கட்டுன சரக்கு ஒண்ணுகூட இதுவரைக்கும் உடைஞ்சதில்ல."

"பேட்டரி எங்க?"

"உள்ளதான். பத்திரமா இருக்கு."

பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டிக்குள் இருந்தால் பெட்டியையே ஏற்ற மாட்டார்கள். "பிரி" என்றேன். முறைத்தான். கிரிவலக் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போக, ஜாக்கி கம்பியால் நெம்ப ஆரம்பித்தான்.

மூடி வந்தது. கூடவே கிரீச்சென்று ஒரு சத்தம். நீள ஆணி ஒன்று சாய்ந்து இறங்கி, படகின் வயிற்றைத் துளைத்திருந்தது.

அழுகை வந்துவிட்டது. அதைவிடக் கோபம். "பொம்மைதானேன்னு அடிச்சுட்ட!" என்று நடுரோட்டில் கத்தினேன். அண்ணன் முகம் சுண்டிப்போயிருந்தது.

பாய் கிழிந்தால் ஒட்டுகிற டேப் என்னிடம் இருந்தது. துடைத்து ஒட்டினேன். ஒட்டினால் ஆயிற்றா? தண்ணீர் கசிந்தால் முதல் சுற்றிலேயே முழுகிப்போகும். ஏரிக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை.

அண்ணன் நீர்மோர்ப் பந்தலுக்கு ஓடி ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்தான். "வெளிய இருக்கற தண்ணி உள்ள வருமான்னுதானே பாக்கணும்? உள்ள ஊத்தி வெளிய வருதான்னு பாரு" என்றான்.

படகுக்குள் இருந்த ரிமோட் கருவிகளையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு ஊற்றினோம். அவன் இரண்டு கையிலும் ஏந்தி நிற்க, நான் ரோட்டில் மண்டியிட்டு அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ பூஜை என்று நினைத்து ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

"சொட்டுதா?" என்றான்.

"இல்ல."

தண்ணீரைக் கொட்டித் துடைத்து, படகுக்குப் போர்வை சுற்றிப் பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, பேட்டரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். சென்னை போகும்வரை அவன் பத்துத் தடவையாவது பின்னால் திரும்பிப் பார்த்திருப்பான்.

விமான நிலைய வாசலிலேயே அவனை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் போன்.

"தொறந்தாங்களா?"

"தொறந்தாங்க, பார்த்தாங்க, எடுத்துக்கிட்டாங்க."

"எப்படி மூடுனாங்க?"

"அதே கயிறுதாண்ணா. நீ ஊருக்குக் கெளம்பு."



"ஆணி அடிக்காம நான் எதையும் அனுப்புனதே இல்ல ரேவதி. பிளைட்டு கெளம்பட்டும். நான் இங்க வாசல்லயே நிக்கிறேன்."