நாலில் ஒன்று

மகேஷுக்கு ரத்தப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில், உடன்பிறந்தவர்கள் மூவரும் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். யாராவது ஒருவருடைய எலும்பு மஜ்ஜை அவனுக்கு முழுதாகப் பொருந்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் டாக்டர்.

கீர்த்தி கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். ஒரு குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று பல்பு எடுத்தால் ஒன்றாவது எரியுமா என்று வருஷா வருஷம் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறவள். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். மூவருமே பொருந்தாமல் போக, முக்காலை மூன்று முறை பெருக்க வேண்டும்: நாற்பத்திரண்டு சதவீதம். ஒருவராவது பொருந்த ஐம்பத்தெட்டு.

"பாதிக்கு மேலயே இருக்கும்மா."

மேற்கு மாம்பலம் வீட்டிலிருந்து அம்மா பங்கஜம் அந்த எண்ணைத் திருநெல்வேலிச் சொந்தங்கள் வரை போனில் சொன்னாள். "கீர்த்தி கணக்குப் போட்டுச் சொல்லிட்டா, தப்பாது."

அண்ணன் சக்திவேலின் முடிவு முதலில் வந்தது. பொருந்தவில்லை. ஐம்பத்தெட்டு நாற்பத்துநாலாக இறங்கியது. இரண்டு நாள் கழித்துக் கடைக்குட்டி பூஜாவுடையதும் இல்லையென்று ஆனது. வெள்ளிக்கிழமை கீர்த்தியின் முடிவு போனில் வந்தபோது அவள் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதுவும் பொருந்தவில்லை என்று படித்துவிட்டு வகுப்புக்குப் போனாள். என்ன நடத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

வீட்டில் அம்மா மகேஷுக்காக ஃபிளாஸ்க்கில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கீர்த்தி சொன்னதைக் கேட்டுவிட்டு, மூடியை இறுக்கித் திருகினாள்.

"பூஜாவுக்கு அப்புறம் ஒண்ணு தங்குச்சுடி. அவ அப்ப கைக்குழந்தை. இதுக்கு மேல முடியாதுன்னு நானும் உங்கப்பாவும் போய்க் கலைச்சுட்டு வந்தோம். அது இருந்திருந்தா?"

கீர்த்திக்கு விடை தெரியும். அந்தப் பிள்ளைக்கு மற்ற மூவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. யார் பொருந்தினார்கள், யார் பொருந்தவில்லை என்பது அதைத் தொடாது; அதற்கும் அதே நாலில் ஒன்றுதான்.

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா."

"எல்லாருக்கும் நாலுல ஒண்ணுன்னாரே டாக்டர்." அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு மட்டும் கெடையாதா?"

கீர்த்தி அம்மாவின் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

வெளிக் கொடையாளர்களிலும் யாரும் பொருந்தாமல், பாதி மட்டும் பொருந்திய சக்திவேலின் மஜ்ஜை அணுக்களையே மகேஷுக்கு ஏற்றினார்கள். அவன் உடம்பு அவற்றை ஏற்கவில்லை. நாற்பத்தோராம் நாள் விடியலில் போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்த, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த நீரஜா மாமி, அம்மாவின் தோளைத் தொட்டு, "மொத்தம் எத்தனை கொழந்தைகள் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அஞ்சு," என்றாள் பங்கஜம். "ரெண்டு போச்சு."

பூஜா திகைத்துப் பார்த்தாள். துக்கத்தில் அம்மா தடுமாறுகிறாள் என்று சக்திவேல் திருத்த வாயெடுத்தான்.

கீர்த்தி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.