மஜ்தலில் ஒரு வீடு

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் முனவ்வறா டீச்சருக்கு எதிலும் மனம் தங்காது. கல்முனைக்குடியில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே இருந்த அவருடைய டியூசன் கொட்டகையின் கூரைத் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டேயிருக்கும். கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் எழுத்தின் மேல் புழுதி படிந்துவிடும். உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கும் அவர், வழக்கமாகவே ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் வெகுநேரம் பேசாமல் நிற்பவர். பிள்ளைகள் அதற்குப் பழகியிருந்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் அவருடைய மௌனங்கள் இன்னும் நீண்டன.

பாடம் பலஸ்தீனத்தில் வந்து நின்றிருந்தது. முந்திய வருடங்களில் ஆண்டுகளையும் ஒப்பந்தங்களையும் சொல்லி எழுதவைத்து ஒரே வகுப்பில் கடந்துபோன பாடம். இந்த வருடம் அப்படிக் கடக்க முடியவில்லை. காலையில் தொலைபேசியைத் திறந்தால் இடிபாட்டுக்குள்ளிருந்து இழுத்தெடுக்கப்படும் பிள்ளைகள். பார்த்துவிட்டு வந்து ஆண்டுகளைச் சொல்லிக்கொடுப்பது அவருக்கு அருவருப்பாக இருந்தது. அதனால் பலகை நிறைய வரைபடம் வரைந்தார். 1948க்கு முந்திய ஊர்களின் பெயர்களை அதில் எழுதி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வாங்கு வரிசைப்படி ஆளுக்கொரு ஊரைக் கொடுத்தார். அந்த ஊர்ச் சனம் என்ன தொழில் செய்து சீவித்தது, பிறகு எங்கே போனது என்று தேடிக்கொண்டு வரச் சொன்னார்.

போர்நிறுத்தக் கோட்டைப் பச்சை வெண்கட்டியால் இழுத்தபோது, பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து வரும் நிலக்சன் மெல்லச் சொன்னான்: "டீச்சர், இது எங்கட பிரதேச செயலகத்துக்குக் கோடு கீறுற மாதிரியெல்லோ கிடக்கு."

தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். பிறகு ஒன்றாகவே நிறுத்திக்கொண்டார்கள். கல்முனையைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பிரித்துக் கோடு போடும் அந்தச் சண்டை எல்லாருடைய வீட்டிலும் இருந்தது.

மஜ்தல் என்ற ஊர் கிருஷாந்தினிக்குக் கிடைத்தது. நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வரும் மெதடிஸ்தப் பிள்ளை அவள். அடுத்த வகுப்பில் எழுந்து நின்று, எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தாள். மஜ்தல் நெசவாளர் ஊர். வீட்டுக்கு வீடு தறி. போரில் பெரும்பாலான சனம் காசாவுக்கு ஓடியது. மிஞ்சிக் கிடந்தவர்களையும் இரண்டு வருடத்துக்குப் பிறகு லொறிகளில் ஏற்றிக் காசாவுக்கே அனுப்பினார்கள்.

"அப்ப அது நம்மட மருதமுனையெல்லுவா," என்றான் அஸ்பாக். அவன் மருதமுனைக்காரன். அவனுடைய வாப்பாவுக்குத் தறி இருந்தது. குழித்தறியா, மேசைத்தறியா என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குறிப்பைத் தனக்குத் தரச் சொன்னான், வீட்டில் காட்டவேண்டும் என்று. பிறகு, "இப்ப அந்த ஊருக்கு என்ன பேர்?" என்றான்.

அவள் தாளைப் பார்த்தாள். அது தாளில் எழுதியிருந்தது என்பது டீச்சருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவளுடைய விரல் ஒரு வரியை மறைத்துக்கொண்டிருந்தது.

"அஷ்கெலோன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசைக்கருகில் வந்து நின்றாள். "அம்மா அங்கதான் டீச்சர். அந்த ஊர்லதான்."

டீச்சருக்கு நாடு தெரியும். ஊர் தெரியாது. ஜனவரியில் விடுமுறையில் வந்திருந்த அவளுடைய தாய் கிருபாமலர், திரும்பிப் போவதற்கு முன் மகளை வகுப்பில் சேர்க்க வந்தபோது சொல்லியிருந்தாள். ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை. ஊரில் ஜோர்தான் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் அதிகம் பேர் முஸ்லிம் பிள்ளைகள், தெரிந்தால் மகளுக்குக் கரைச்சல் வரும், இந்த விசயம் உங்களோடு இருக்கட்டும் என்றாள். டீச்சர் தலையாட்டினார். அந்த நாட்டுக்கு ஏன் போனீர்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவருக்குள் கிடந்து புரண்டது. காசாவின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கிருபாமலரின் முகம் நினைவுக்கு வந்தது, கோபத்தோடும் வந்தது. ஒரு கிழவிக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள் மீது கோபப்பட என்ன இருக்கிறது என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டார். இருந்தும் கோபம் போகவில்லை.

இப்போது அவளுடைய மகளுக்கு அந்த ஊரின் பழைய பெயரைத் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"நான் தெரியாமத்தான் குடுத்தன் மகள்," என்றார்.

"தெரியும் டீச்சர்." அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். "அம்மாட்டக் கேட்டனான், அந்த ஊருக்கு முந்தி என்ன பேர் எண்டு. அவவுக்குத் தெரியாது. நான் சொன்னன். பிறகு அவ ஒண்டும் கதைக்கல்ல."

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பாடம் முடிந்ததும் துஆ ஓதித்தான் கலைவார்கள். யார் ஓதுவது என்பது வாங்கு வரிசைப்படி சுற்றிவரும். முறை வந்தால் முஸ்லிம் பிள்ளைகள் கையேந்தித் தங்கள் துஆவைக் கேட்பார்கள். நிலக்சனுடைய முறையென்றால் பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஒரே மூச்சில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி முடிப்பான். யார் கேட்டாலும் மற்றவர்கள் ஆமீன் சொல்வார்கள். ஒருமுறை ஒரு பிள்ளையின் வாப்பா வந்து இது சரிதானா என்று கேட்டார். டீச்சர் வெகுநேரம் யோசித்துவிட்டு, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கெட்டது கேட்பதில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஈரான் அந்த நாட்டின் மேல் ஏவுகணைகளை விட்டது. பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததே கையில் தொலைபேசியோடுதான். இருட்டு வானத்தில் நெருப்புக் கோடுகள். ஒவ்வொன்று விழும்போதும் கடைசி வாங்குகளிலிருந்து மகிழ்ச்சி ஒன்று அலையாகக் கிளம்பியது. டீச்சர் அதை அடக்கவில்லை. இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த பிணங்களுக்குப் பிறகு அவருடைய நெஞ்சிலும் அது ஏதோ ஒன்றைத் தொட்டது. கிருஷாந்தினி தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அது நடுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தாள்.

அன்று அஸ்பாக்கின் முறை. அவன் கையேந்தினான். காசாவின் பிள்ளைகளுக்காகக் கேட்கும்போது குரல் உடைந்தது. அவன் நடிக்கிறவன் இல்லை. பிறகு குரல் தேறி உயர்ந்தது.

"யா அல்லாஹ், அவங்கட வீடுகள இடிச்சவன்ட நாட்டுல ஒரு வீட்டையும் மிஞ்ச வைக்காத."

"ஆமீன்."

கொட்டகை முழுவதும் சொன்னது. டீச்சரும் சொன்னார். சொல் வாயிலிருந்து போன பிறகுதான் அவர் இரண்டாவது வாங்கைப் பார்த்தார். கிருஷாந்தினியின் உதடுகள் மூடியிருந்தன. சேர்ந்த நாளிலிருந்து எந்தத் துஆவுக்கும் ஆமீன் சொல்லாமல் இருந்தவள் அல்ல அவள். வகுப்பிலேயே இழுத்துச் சொல்வது அவள்தான்; பக்கத்தில் இருக்கும் நிப்லா அதைச் சொல்லியே அவளைக் கேலி செய்வாள்.

அஸ்பாக்கும் கவனித்திருந்தான். கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டே திரும்பி, "என்ன கிருஷா, என்ட துஆவுக்கு மட்டும் வாய் பூட்டா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவள், தொண்டை சரியில்லை என்றாள்.

டீச்சருக்கு அதன் பிறகு வீட்டில் எந்த வேலையும் ஓடவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். அந்த ஆமீனைத் திருப்பி எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. தான் கேட்டது நீதியைத்தான் என்று ஒரு மனம் சொன்னது. கேட்ட இடத்தில் ஒரு பிள்ளை இருந்தாள் என்று இன்னொரு மனம் சொன்னது. அடுத்த வகுப்பில் துஆ கிருஷாந்தினியின் முறை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாடத்தால் இதைச் சரிசெய்யலாம் என்று நினைத்தார். தெரிந்த வழி அவருக்கு அது ஒன்றுதான். அடுத்த வகுப்பில் அரசு என்பதன் அடிப்படைக் கூறுகளைத் திரும்பவும் எழுதினார்: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை. அரசாங்கமும் மக்களும் ஒன்றல்ல என்றார். அந்த நாட்டிலேயே ஐந்தில் ஒருவர் அரபிகள் என்றார். வேலைக்கு வந்த வெளிநாட்டார் இருக்கிறார்கள், தாய்லாந்துக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நம்முடைய நாட்டாட்களும் என்றார்.

அஸ்பாக் எழுந்தான். "காசாவிலயும் மேற்குக் கரையிலயும் இரிந்து வந்து வேலை செஞ்ச ஆக்கள வெளிய போட்டுட்டு, அந்த இடத்துக்குத்தானே டீச்சர் நம்மட நாட்டாக்கள எடுக்கிறான்? ஒரு மனுசன்ட சோத்துப் பீங்கானப் பறிச்சு இவங்கட கையில குடுக்கிறான். இவங்களும் வாங்கித் திங்கிறாங்க. எங்க போய் விழுறம் எண்டு தெரிஞ்சுதானே போறாங்க?"

தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போனவர்களைப் பொறுத்தவரை அவன் சொன்னதில் பொய்யில்லை. எல்லாரையும் அந்த ஒரே பேச்சில் கட்டமுடியாது என்று டீச்சருக்குச் சொல்லத் தோன்றியது. அதைச் சொன்னால் வேறு எந்த வேலை, யார் போயிருக்கிறார்கள் என்ற கேள்வி வரும். கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. அவர் வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றார். தகரம் அடித்துக்கொண்டிருந்தது. கிருஷாந்தினி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், அவன் சொன்னதும் பாடக்குறிப்பு என்பதைப் போல.

காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்கு நேரத்தோடு போகலாம், துஆவைத் தானே ஓதிவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னார்.

"இல்ல டீச்சர். என்ட முறை."

அவள் எழுந்து நின்றாள். நிப்லா அவளுடைய பாவாடை நுனியைப் பிடித்தாள்; எதற்கென்று நிப்லாவுக்கே தெரிந்திருக்காது. பிள்ளைகள் வழக்கம்போலக் கையேந்தினார்கள். அஸ்பாக்கும் ஏந்தினான்.

"அன்பான ஆண்டவரே," என்று தொடங்கினாள். வழக்கமாக எல்லாருக்கும் பரீட்சை நல்லபடி அமைய வேண்டும் என்றுதான் அவள் செபிப்பாள். "காசாவில பசியோட இருக்கிற பிள்ளையளுக்குச் சாப்பாடு குடும். செத்துப்போன பிள்ளையள உம்மட மடியில வைச்சுக்கொள்ளும். மஜ்தல்ல இருந்து ஏத்தி அனுப்பின ஆக்கள், அவங்கட பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாரும் ஒரு நாளைக்கு அந்த ஊருக்குத் திரும்பி வரவேணும்."

ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஆமீன் விழுந்தது. அஸ்பாக்கின் குரலே பெரிதாகக் கேட்டது.

"அவங்க வாற வரைக்கும் அந்த ஊர்ல ஒரு வீட்டையும் இடிக்காதயும் ஆண்டவரே. அதுல ஒண்டில எங்கட அம்மா இருக்கிறா."

ஆமென் சொல்லி முடிக்க வேண்டியவள் முடிக்கவில்லை. நின்றுகொண்டிருந்தாள். ஏந்திய கைகள் ஏந்தியபடி இருந்தன. கைகளை முகத்தில் தடவினால்தான் துஆ முடியும், யாரும் தடவவில்லை.

டீச்சருக்குத் தன் மௌனம் எவ்வளவு நீளமாகப் போகும் என்று தெரியும். அது இந்த இடத்தில் என்ன செய்யும் என்பதும் தெரிந்தது.

"ஆமீன்," என்றார். அந்தக் குரல் தனியாகக் கேட்டது. அதன் பிறகு நிப்லா சொன்னாள். நிலக்சன் சொன்னான். இன்னும் ஓரிருவர், ஒன்றாகச் சேராமல், பிந்திப் பிந்திச் சொன்னார்கள். கடைசி வாங்கில் ஒருவன் கொப்பிகளைச் சுருட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

அஸ்பாக் சொல்லவில்லை. அவனுடைய கைகள் இன்னும் விரிந்திருந்தன.

"ஜோர்தான் எண்டெல்லுவா செல்லித் திரிஞ்சாய்?"

"ஓம். பொய்."

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பங்கர் இரிக்கா அந்த வீட்டுல?" என்றான்.

"கீழ இருக்கு. கிழவிக்குப் படி இறங்க ஏலாது. சைரன் அடிச்சா அம்மாவும் மேலதான், அவவோட இருக்கிறவ."

கிருஷாந்தினி டீச்சரின் பக்கம் திரும்பினாள். "புதன்கிழமை நான் வரலாமா டீச்சர்?"

"வாங்க மகள். இது என்ன கேள்வி," என்றார் டீச்சர்.

அவள் நகரவில்லை. அவள் காத்திருந்த சொல் தன்னுடையதல்ல என்பது டீச்சருக்கு அப்போது புரிந்தது. கூரையில் தகரம் ஒருமுறை எழுந்து விழுந்தது.

அஸ்பாக் கைகளை இறக்கினான். முகத்தில் தடவாமல், மேசையின் மேல் வைத்தான்.

"மஜ்தல் குறிப்பக் கொண்டு வா," என்றான், பலகையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டு எவ்வளவு நாள்."

"கொண்டு வாறன்."

"நான் ஆமீன் செல்லல்ல."

"தெரியும்," என்றாள் கிருஷாந்தினி.

வீதியில் கிட்டங்கிப் பஸ் ஹோர்ன் அடித்தது. நிப்லா அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அஸ்பாக் இருந்த இடத்திலேயே இருந்தான். டீச்சர் பலகையைத் துடைக்கத் துணியை எடுத்து, வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றார்.