நானூற்றுப் பதினேழாம் எண் சிலுவை

"உங்கண்ணனா நாரை? சட்டையை ஆணியில மாட்டவே ஸ்டூல் போட்டு ஏறுவானே அவன்."

"உங்கண்ணன் மட்டும் கொடிமரமாடி? ஆத்துல இறங்கினா மூக்கு வரைக்கும் தண்ணி."

எங்கள் ஊர்ச் சாரணர் குழுவின் நூறாவது ஆண்டுக் கண்காட்சிக்காகத் தீயணைப்பு நிலைய மாடியில் மேசைகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது இது காதில் விழுந்தது. ஸ்டூலைச் சொன்னவர் லியோகாடியா. ஆற்றைச் சொன்னவர் கெனோவேஃபா. இருவருக்கும் அப்போது எண்பதை நெருங்கும் வயது. பள்ளியில் ஒரே பெஞ்சு. நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துப்போன ஒரு சாரணர் சிலுவை, சாரணர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கம்.

நான் குழாய் வேலை பார்ப்பவன். குழுவின் வரலாற்றை எழுத வேறு யாரும் வராததால் எழுத உட்கார்ந்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிலுவை வசந்த காலத்தில் கிடைத்தது. புறவழிச்சாலைக்குச் சரளை தோண்டிய குழியில், சல்லடையில் மாட்டியது. பின்பக்கம் 417 என்று எண். கூடவே எலும்புகளும் இருந்திருக்க வேண்டும். யாரோ கவனிப்பதற்குள் பதினோரு லாரி சரளை போய்விட்டது, மேலே தாரும் போட்டாயிற்று. அதிலிருந்து இவர்கள் இருவரும் அந்தச் சாலையை மிதித்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடப் பழைய ரோட்டில் சுற்றித்தான் போவார்கள்.

ஜார் மன்னனின் போலீசுக்குத் தெரியாமல் தொடங்கிய குழு இது. ஜெர்மானியர்கள் தடை செய்த பிறகும் நடந்தது. ஆனால் யாரும் சொந்தப் பெயரை எழுதக் கூடாது, காட்டுப் பெயர் மட்டும்தான். குறிப்பேட்டில் 417க்கு நேராக "நாரை" என்று இருக்கிறது. அதை எழுதிய தலைவர் ஜெர்மானியரின் வதை முகாமில் இறந்துபோனார். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்துக்குள் ஒளித்து வைத்திருந்த குறிப்பேடு மட்டும் பிழைத்தது.

லியோகாடியாவின் அண்ணன் திட்டுஸ். கெனோவேஃபாவின் அண்ணன் போகுமில். நாற்பத்து மூன்று மார்ச்சில், ஒரே வாரத்தில் இருவரும் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டை போடக் காட்டுக்குப் போனார்கள். அதோடு சரி. ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியும் ஊரே தன் தன் கல்லறையில் விளக்கேற்றும்போது, இந்த இரண்டு தங்கைகளும் கல்லறை இல்லாதவர்களுக்கான நடுச் சிலுவையடியில் ஏற்றுவார்கள். அறுபத்தொன்பது வருஷமாக. இப்போது புதைக்க ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. எந்த வீட்டுக் கல்லறையில் என்பதுதான் சண்டை.

குறிப்பேட்டைப் படிக்கிறவன் நீதானே, நீயே பார்த்துச் சொல் என்று பங்குத் தந்தை சொல்லிவிட்டார். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த தாள்களைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். அந்த மார்ச்சில் புதிதாக வந்தவர்கள் இருவர்தான்: நாரை, ஆந்தை. அப்புறம் இது:

"செப்டம்பர் 9. நாரை திரும்பவில்லை. சிலுவையை மட்டும் நரி கொண்டுவந்தான். வழக்கப்படி பெயரும் சிலுவையும் ஆந்தைக்கு. இன்று முதல் அவனே நாரை."

"நவம்பர் 2. நாரை திரும்பவில்லை."

எனக்குச் சந்தோஷம். இருவருமே நாரைதான், சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கசகசா கேக்கும் தேநீரும் வைத்து வாசித்துக் காட்டினேன்.

கேக்கை யாரும் தொடவில்லை.

"அப்போ இதைப் போட்டுக்கிட்டுச் செத்தது ரெண்டாவது ஆள்," என்றார் லியோகாடியா. "மொதல்ல செத்தவன் எந்த எடத்துல கெடக்கான்?"

தெரியவில்லை என்றேன். யார் முதல், யார் இரண்டாவது என்றும் தெரியவில்லை என்றேன்.

கெனோவேஃபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து வரைக்கும் இது எங்கண்ணனோடதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் அப்படித்தான். நிம்மதியா சண்டை போட்டுட்டு இருந்தோம். நீ எதுக்குப்பா அதைப் படிச்சே?"

இரண்டு பெயரையும் ஒரே கல்லில் போடலாம் என்றேன். கல்லில் பெயர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள் என்று லியோகாடியா மறுத்தார். அடுத்தவள் அண்ணனைப் புதைத்துவிட்டுத் தன் அண்ணனைக் கைவிட முடியாது என்றார் கெனோவேஃபா. சிலுவையைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்தில் வெட்டி வைத்திருந்த குழியை மூடிவிட்டார்கள். அந்த நவம்பரிலும் நடுச் சிலுவையடியில்தான் விளக்கு. ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். சண்டைகூடப் போடவில்லை.

ஜனவரியில் லியோகாடியா இறந்துபோனார். பழைய ரோடு பனியில் மூடிக் கிடந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உடலைப் புறவழிச்சாலை வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். கெனோவேஃபா பின்னால் வந்த காரில் ஏறவில்லை.

சிலுவை இப்போது என் வீட்டு மேசை டிராயரில் இருக்கிறது. அதில் பொறித்திருப்பது ஒரே சொல், சாரணர்கள் வணக்கமாகச் சொல்லும் "விழித்திரு". டிராயரைத் திறக்கவே மனம் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் செப்டம்பரில் சிலுவையைக் கொண்டுவந்த "நரி" யார் வீட்டு ஆள்? உங்கள் வீட்டில் பழைய கடிதமோ, பின்னால் ஏதாவது எழுதிய படமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதலில் செத்தது திட்டுஸா, போகுமிலா? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள். கெனோவேஃபா இருக்கும்போதே போடுங்கள்.