வார்டுக்கு ஒரு பாஸ்

உலக வரலாறு அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குன்னூருக்கு வருகை தரவிருந்தது. ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கி இரண்டு நாளாகத் தேயிலைச் சரிவெங்கும் இதை முழங்கியது: "குடியேறிய மக்களும் அமெரிக்க நகரங்களில் பாஸும். மாபெரும் பேருரை. அனுமதி இலவசம். திரண்டு வாரீர்."

பேருரையாளர் நல்லசாமி, ஓய்வுபெற்ற வரலாற்று விரிவுரையாளர், நாலு மணியிலிருந்தே ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய வரலாற்று மன்றம் மாதாமாதம் கூடும். கூடுவது என்றால் அவரும் வாட்ச்மேன் முனியசாமியும். பூட்ட வேண்டியிருந்ததால் முனியசாமியால் பாதியில் போக முடியாது.

ஹால் நகராட்சியுடையது. வார்டு கவுன்சிலர் பொன்ராஜ் முடிவாகச் சொல்லியிருந்தார்: "ஏனுங்க சார், இந்த வாட்டியும் ஆள் வரலீன்னா ஹாலைக் கேரம் கிளப்புக்குக் குடுத்துருவனுங்க. பசங்க நச்சரிக்கறானுங்க." நேரில் பார்த்துவிடத் தானே தலைமை தாங்குவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மேகம் இறங்கியது. கூடவே ஆட்களும் இறங்கினார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி மேலே லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள், குடும்பம் குடும்பமாக, ஸ்வெட்டரும் குடையுமாக வந்து பெஞ்சுகளை நிறைத்து ஜன்னல்களையும் அடைத்தார்கள். நல்லசாமி கண்ணாடியை இன்னொரு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மீது பாமரருக்கு இப்படி ஒரு தாகமா?

பேசினார். ஐரோப்பாவில் பஞ்சம், கப்பல் கப்பலாக ஜனம், நியூயார்க்கில் காற்று புகாத குடியிருப்புகள். கூட்டம் நெளிந்தது, கொட்டாவி விட்டது, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டது. பாஸ் என்ற சொல் வந்ததும் சட்டென்று அடங்கியது.

"இறங்கியவனுக்கு அங்கே யார் துணை? பாஸ்தான். பாஸ் இருந்தால் வேலை. பாஸ் இருந்தால் குளிருக்குக் கரி. பாஸ் தயவில் சீக்கிரமே குடியுரிமை."

கைதட்டல் தகரக் கூரையை ஆட்டியது. குடியுரிமைக்காக இரண்டு அரசாங்கங்களின் வாசலில் ஆயுளைக் கழித்தவர்கள் அவர்கள். நல்லசாமி அதைத் தன் உரைநடைக்கு விழுந்த கைதட்டலாக வரவு வைத்துக்கொண்டார். பொன்ராஜ் குனிந்து, "ஹால் உங்களுதுதானுங்க, பயப்படாம பேசுங்க," என்றார்.

நல்லசாமி அங்கேயே நன்றி சொல்லி முடித்திருக்கலாம். "ஐயங்கள் இருந்தால் கேட்கலாம்," என்றார்.

முன்பெஞ்சிலிருந்து கொழுந்து பறிக்கும் இசக்கியம்மா எழும்பினாள். "சேர், ஒரு குடும்பத்துக்கு எத்தனை பாஸ் ஏலும்?"

நல்லசாமி கனிவாகச் சிரித்தார். "குடும்பத்துக்கெல்லாம் கிடையாது அம்மா. வார்டுக்கு ஒரு பாஸ்தான்."

ஹால் கொதித்தது. "ஒன்னே ஒன்னா? அது யாருக்காம்?" என்றது ஒரு குரல். "கேக்கணுமா, மேடையிலதான் உக்காந்திருக்காரே," என்றது இன்னொன்று.

இசக்கியம்மா பொன்ராஜைப் பார்த்தாள். "வார்டுக்கு ஒரு குழாய் வந்துச்சு, அது உங்க வீட்டு வாசல்ல நிக்கிது. அமெரிக்கா போற பாஸையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"

"நான் எந்தப் பாஸும் வாங்கலீங்க அம்மிணி," என்று பொன்ராஜ் எழுந்துவிட்டார். "அமெரிக்கா எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுங்க."

பேருரையாளருக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் வந்தது வரலாற்றுக்கு அல்ல, அனுமதிச் சீட்டுக்கு. பதறிப்போய் விளக்கினார்: "அம்மா, பாஸ் என்பது சீட்டு இல்லை, ஆள். இங்கிலீஷில் தலைவன். வார்டைக் கைக்குள் போட்டுக்கொள்வான். வேலை தருவான், கரி தருவான், ஓட்டை வாங்குவான், நகராட்சிப் பணத்தைச் சுருட்டுவான்."

சொல்லி முடித்த பிறகே பக்கத்து நாற்காலி நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் திரும்பும் தைரியம் வரவில்லை.

இசக்கியம்மா யோசித்தாள். "அப்ப இவருதான் பாஸ்." உடனே திருத்தினாள். "இல்லை சேர். அந்தாளு வேலையும் கரியும் குடுத்திருக்காரே. இவரு பாதி பாஸ்."

சிரித்துக்கொண்டே கூட்டம் கடைசி பஸ்ஸுக்கு ஓடியது. நல்லசாமிக்குப் போர்த்தக் கொண்டுவந்திருந்த சால்வையைப் பொன்ராஜ் மடித்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"கூட்டம் அமோகமுங்க," என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த ஹாலில் கேரம் ஆடுகிறார்கள்.